பச்சை குத்தலும் புண் காத்தலும்

தமிழ் மக்கள் தம் மேனியில் எழுதிக்கொண்ட எழுத்து இருவகைப்படும். ஒன்று கழுவினால் அழியும் எழுத்து. மற்றொன்று உயிர் உள்ளளவும் உடன்வரும் எழுத்து. மதுரைக்காஞ்சியும் கலித்தொகையும் பிற சங்க நூல்களும் கூறும் தொய்யில் முன்னதைச் சார்ந்தது. மகளிர் தோளிலும் மார்பிலும் நறுங்குழம்பு கொண்டு வரைந்த அக்கோலம் நீராடின் மறையும், மீண்டும் எழுதப்பெறும். பச்சை குத்துதல் பின்னதைச் சார்ந்தது. தொய்யிலுக்குக் குழம்பும் எழுதுகோலும் போதும். பச்சைக்கோ புண் வேண்டும்.

இவ்வேறுபாடு வெளிப்படையானதே. எனினும் பச்சையைப் பற்றி எழுதுவோர் அதன் கோலங்களையும் அவற்றைச் சார்ந்த நம்பிக்கைகளையும் விரித்துரைத்து, கோலம் நிலைபெறுவதற்கு முன் கழியும் இரண்டு மூன்று வாரங்களைப் பேசாது விடுவர். ஊசி நீங்கியபின் அவ்வாரங்களில் நிகழ்வதே பச்சை அணியாகுமா, வடுவாகுமா என்பதை உறுதிசெய்கின்றது. இன்று நகர்தோறும் மின்னூசிக் கூடங்கள் தோன்றியுள்ளன. திருவிழாக் கூட்டங்களிலும் பச்சை குத்துவோரைக் காண்கின்றோம். குத்திக்கொள்வோர் பலர் அதனை அணியாகக் கொள்கின்றனரேயன்றிப் புண்ணாகக் கொள்வதில்லை. புதிய பச்சை ஆறுமாறும் அதனைக் காக்குமாறும் நம் மொழியில் வழங்கும் சொற்களின் துணைகொண்டு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பச்சை என்னும் சொல்

பச்சை என்பது நிறத்தை மட்டும் குறிக்கும் சொல் அன்று. சுடாத மண் பச்சை மண். காய்ச்சாத பால் பச்சைப்பால். மகப்பேறு கழிந்து சின்னாளே ஆன தாயின் உடம்பு பச்சையுடம்பு. இவ்வழக்குகள் எல்லாவற்றிலும் பக்குவம் எய்தாமை என்னும் பொருள் நிற்கின்றது. அவ்வகையிலேயே இன்னும் ஆறாத புண்ணைப் பச்சைப் புண் என்கின்றோம்.

குத்தப்பட்ட கோலத்தைப் பச்சை என்பது நிறம் பற்றியது. குத்துங்கால் ஊசியில் தோய்வது கரிய மையே. அம்மை தோலின் உட்புறத்தில் தங்கியபின், மேலுள்ள படலத்தின் வழியாகவே நம் கண்ணுக்குப் புலனாகின்றது. ஒளியின் குறுகிய அலைகள் தோலிற் சிதறி மீளுதலால், கருமை நீலமும் பசுமையும் கலந்த நிறமாகத் தோன்றுகின்றது. கருமை, நீலம், பசுமை ஆகியவற்றை ஒன்றன் பெயரால் மற்றொன்றை வழங்குதல் தமிழ் மரபு. திருமாலைக் கார்வண்ணன் எனலும் பச்சைமால் எனலும் காண்க.

ஆகவே புதிதாய்க் குத்திய பச்சைக்கு இச்சொல் இருபொருளில் இயையும். முதல் நாளில் அது பச்சைப் புண். ஆறிய பின்னரே அது பச்சை நிறக் கோலம். மேல்தோல் மூடி மை உள்ளே அமைந்தாலன்றி அந்நிறம் தோன்றாது. எனவே, இப்பெயர் ஆறிமுடிந்த நிலைக்கு உரியது என்பது நம் கருத்து. பெயரைப் பெறுவதற்கு இடையிலுள்ள நாட்களைக் கடந்தாக வேண்டும்.

2. ஊசி செய்யும் தொழில்

மாந்தர் தோலில் மேற்றோல், உட்டோல் என இரு படலங்கள் உள்ளன. மேற்றோல் ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. கீழே தோன்றும் உயிரணுக்கள் மேலேறி, உலர்ந்து, உதிர்ந்துபோகும். மை அப்படலத்தில் மட்டும் நின்றால் அதனுடன் உதிர்ந்துவிடும். ஆதலின் ஊசி மேற்றோலைக் கடந்து, ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள உட்டோலில் மையை இடுதல் வேண்டும். உட்டோலில் குருதி நாளங்களும் நரம்புகளும் உள்ளன. நோவும் குருதிக் கசிவும் இதனால் தோன்றுவனவே.

தமிழகத்தில் இத்தொழிலை வழிவழியாகச் செய்துவந்தோர் குறவர் மகளிர். சென்னை அரும்பொருட் காட்சிச்சாலையின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்சுடன் அவர்தம் மை செய்யும் முறையைக் குறித்துவைத்துள்ளார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்தரைத்து, மெல்லிய துணியிற் பூசித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு எரிப்பர். விளக்கின்மேற் கவிழ்த்த புதுப்பானையின் உட்புறத்திற் படியும் கரியைச் சுரண்டி, நீரிலேனும் தாய்ப்பாலிலேனும் குழைப்பர். ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் கையாற் குத்துவது அம்மகளிர் முறை. நியூயார்க்கு நகரத்துச் சாமுவேல் ஓரெய்லி என்பார் 1891-இல் மின்னூசிப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய கூடங்களில் உள்ளவை அதன் வழிவந்தவை. நிமிடத்திற்கு ஆயிரம் முறைக்கு மேலும் குத்தவல்லவை. கையூசியாயினும் மின்னூசியாயினும் தோலுக்கு நேர்வது ஒன்றே: எண்ணற்ற நுண்புண்கள்.

ஊசி புண்ணுட் புகுந்து மீளும் காட்சியைப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் காட்டுகின்றார். குளிர்ந்த குளத்தில் மீனை நாடி மூழ்கி எழும் சிச்சிலிப் பறவையை, வீரர் மார்பின் புண்ணைத் தைக்கும் நீண்ட வெள்ளூசிக்கு அவர் உவமையாக்கினார். அவ்வூசி புண்ணை மூடுவது. பச்சை குத்தும் ஊசி புண்ணை ஆக்குவது. அம்மார்பில் எஞ்சியது வடு. பச்சையில் எஞ்ச வேண்டுவது வடுவன்று, நிறமே.

அந்நிறம் எவ்வாறு எஞ்சுகின்றது? உடம்பினுட் புகுந்த அயற்பொருளை விழுங்கி அகற்றுதல் விழுங்கணுக்களின் தொழில். மைத்துகள் பருத்தனவாதலின் அவ்வணுக்கள் அவற்றை விழுங்கியும் செரிக்கமாட்டா; வயிற்றில் மையைத் தாங்கியவாறே உட்டோலில் தங்கிவிடுகின்றன. அவ்வணு இறப்பின் மை வெளிப்படும். புதிதாய் வந்த அணு அதனை மீண்டும் விழுங்கும். பிரான்சு நாட்டு மார்சேல் நகரத்து ஆய்வாளர் எலிகளைக் கொண்டு நிகழ்த்திய ஆய்வால் இவ்வுண்மையை 2018-இல் வெளியிட்டனர். 1991-இல் ஆல்ப்சு மலைப் பனியிற் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டு முற்பட்ட மனிதன் உடலில் 61 குறிகள் இன்றும் தெரிகின்றன. ஆதலின் பச்சையை நிலைநிறுத்துவது ஊசி மட்டும் அன்று. குத்தப்பட்டவரின் உடம்பே அதனை ஏற்று வைத்துக்கொள்கின்றது.

3. ஆறுதலும் காத்தலும்

தமிழில் புண் 'ஆறும்' என்கின்றோம். ஆறுதல் தன்வினை. சூடு ஆறுகின்றது, சினம் ஆறுகின்றது, புண்ணும் ஆறுகின்றது. மருந்து புண்ணை ஆற்றுகின்றது என்னும் பிறவினை வழக்கும் உண்டு. ஆயினும் அது, தானே ஆறும் ஒன்றற்குத் துணைபுரிதலையே குறிக்கும். புதுப்பச்சையின் காப்புமுறை முழுதும் இவ்வினைச்சொல்லில் அடங்கியுள்ளது எனலாம். ஆறுவது உடம்பின் தொழில். அத்தொழிலைக் கெடுக்காதிருத்தல் நம் தொழில்.

புறநானூற்றின் 281-ஆம் பாட்டு இதனைத் தெளிவிக்கும். போரிற் புண்பட்ட தலைவன் மனையில் உள்ளான். அரிசில்கிழார் பாடிய அப்பாட்டில், மகளிர் இரவத்தழையையும் வேப்பந்தழையையும் மனையிற் செருகுகின்றனர், வெண்சிறுகடுகு தூவுகின்றனர், யாழும் பிறவும் இசைக்க நறும்புகை எழுப்புகின்றனர். அவர்கள் ஒருவரையொருவர் அழைப்பது புண்ணைக் காப்பதற்கு என்பது பாட்டின் முடிபு. 'காத்தல்' என்னும் வினைக்குச் செயப்படுபொருள் ஈண்டுப் புண்ணே. புண்பட்டானைப் பேய் அணுகாதவாறு மனைவி காக்கும் துறையைத் தொல்காப்பியம் தொடாக் காஞ்சி எனப் பெயரிட்டது. புண்ணுக்கு முதற்காப்பு தொடப்படாமை என்னும் கருத்து அப்பெயரில் விளங்குகின்றது.

இவற்றைக் கொண்டு சங்கச் சான்றோர் நுண்ணுயிரை அறிந்திருந்தனர் எனல் மிகை. அவர்கள் அஞ்சியது பேயை. நாம் அஞ்சுவது கண்ணுக்குப் புலனாகாக் கிருமியை. அஞ்சிய பொருள் வேறாயினும், திறந்த புண் காவல் வேண்டுவது என்னும் தெளிவு அவர்க்கு இருந்தது. இன்று குறைந்திருப்பது அத்தெளிவே.

4. நாட்களின் முறை

முதல் நாள்: குத்தியவுடன் குருதியும் தெளிந்த ஊனீரும் மிகுந்த மையும் கலந்து கசியும். பழகிய தொழிலாளர் அவ்விடத்தைத் துடைத்துத் தூய கட்டினால் மூடி அனுப்புவர். எத்துணை நேரம் மூடியிருத்தல் வேண்டும் என்பது கட்டின் வகையைப் பொறுத்தது. இட்டவரிடம் கேட்டறிதல் நன்று. கட்டை அவிழ்ப்பதற்கு முன் கைகளைச் சவுக்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். புண்ணைத் தொடும் ஒவ்வொரு முறையும் இதுவே விதி. பின்னர் வெதுவெதுப்பான தூயநீராலும் மணமூட்டாத மென்சவுக்காரத்தாலும் மெல்லக் கழுவி, தூய துணியால் ஒற்றி எடுத்தல் வேண்டும். தேய்த்தல் ஆகாது. கழுவாது விட்ட ஊனீர் உலர்ந்து தடித்த பொருக்காகும். தடித்த பொருக்கு கோலத்திற்குப் பகை.

இரண்டாம் மூன்றாம் நாட்கள்: அவ்விடம் சிவந்து, சற்றே வீங்கி, சூடாக இருக்கும். குருதி அங்கு மிகுதியாய்ப் பாய்வதன் அடையாளம் இது, இந்நாட்களில் இயல்பானதே. நாளுக்கு இருமுறை கழுவி, மணமற்ற களிம்பை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். மிகுதியாகப் பூசின் புண் ஈரத்திலேயே ஊறி நொதுநொதுத்துப் போகும். இறுக்கமான உடை உராயும். தளர்ந்த பருத்தி உடையே தக்கது.

நான்காம் நாள் முதல் இரண்டாம் வாரத்தின் இறுதி வரை: மேற்றோல் உரியத் தொடங்கும், சிற்றிடங்களில் பொருக்குக் கட்டும், தினவு எழும். உதிரும் தோலில் மையின் நிறம் இருத்தலால் கோலமே உதிர்கின்றது எனச் சிலர் அஞ்சுவர். அஞ்ச வேண்டுவதில்லை, உதிர்வது மேற்றோலில் தங்கிய மை மட்டுமே. ஆனால் பொருக்கை நகத்தாற் பெயர்த்தெடுப்பின் நிலை வேறு. தானே விழாத பொருக்கு அடியில் உட்டோலைப் பற்றியிருக்கும். அதனைப் பிடுங்குவோர் மை தங்கிய தசையையும் சேர்த்துப் பிடுங்குவர். அவ்விடத்தில் கோலம் வெளிறும். சிலர்க்குத் தழும்பும் தடிக்கும். தினவு மிகுந்தவிடத்து மெல்லிய களிம்போ, தூய துணியில் நனைத்த குளிர்நீரோ போதும்.

இரண்டு முதல் நான்கு வாரங்களில் மேற்புறம் மூடும். உட்டோல் முற்றும் சீர்பட மேலும் சில மாதங்கள் செல்லும். மேற்புறம் மூடும் வரையில் தண்ணீரில் மூழ்குதலையும் வெயிலையும் விலக்குதல் வேண்டும். வெயிலின் புறவூதாக் கதிர் ஆறாத தோலைச் சுடுவது. ஆறிய பின்னும் நிறத்தை மங்கச் செய்வது. வெயிற்காப்புக் களிம்பு ஆறிய தோலுக்கே உரியது. அதுவரை துணியே காப்பு.

மூழ்குதலைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். கழுவுதல் வேறு, மூழ்குதல் வேறு. ஓடும் தூயநீர் அழுக்கைக் கொண்டுசெல்லும்; தேங்கிய நீர் அழுக்கைக் கொண்டுவரும். திருவிழாவிற் பச்சை குத்திக்கொண்டு அன்றே குளத்திலோ கடலிலோ நீராடுதல் பெருந்தீங்கு விளைக்கக்கூடும். புதிய பச்சையுடன் ஐந்தாம் நாளில் மெக்சிகோ வளைகுடாவில் நீந்திய, கல்லீரல் நோயுடைய 31 வயதினர் ஒருவர், கடல்நீரில் வாழும் விபிரியோ என்னும் கிருமி புண்வழியாகப் புகுந்தமையால் உயிரிழந்தார். மருத்துவர் இந்நிகழ்ச்சியை 2017-இல் வெளியிட்டனர். அவர்தம் கல்லீரல் நோய் கேட்டை மிகுவித்தது உண்மை. கிருமிக்கு வாயில் திறந்தது ஆறாத பச்சையே.

5. பழைய பூச்சுக்கள்

குத்திய இடத்தில் எண்ணெயும் மஞ்சளும் பூசுதல் நாட்டு வழக்கு. இதனை முற்றும் இகழ்தலும் முற்றும் போற்றுதலும் ஆராய்ச்சி நெறி அன்று. மஞ்சளிற் கிருமிகளைத் தடுக்கும் இயல்புடைய பொருள் உண்டு என்பது ஆய்வுக்கூடங்களிற் கண்ட செய்தி. ஆயினும் அடுக்களையிலும் கடையிலும் உள்ள மஞ்சள் தூள் கிருமி நீக்கப்பட்டது அன்று. திறந்த புண்ணில் தூவத்தக்கதும் அன்று. எண்ணெய் தோல் வறளாமற் காக்கும். இக்காலக் களிம்பும் அவ்வேலையையே செய்கின்றது. ஆனால் பலர் விரல் பட்ட கிண்ணத்து எண்ணெய் அவ்விரல்களின் அழுக்கையும் உடன்கொண்டது. மை குழைத்த தாய்ப்பால் குழந்தைக்கு அமுது. ஊசிவழித் தோலினுட் செலுத்துவதற்கு உரியது அன்று.

பழைய முறையின் பெருங்குறை பூச்சில் இல்லை, ஊசியில் உள்ளது. ஒரே ஊசி பலர் மேனியில் புகுந்தவிடத்து ஒருவர் குருதியில் உள்ள நோய் மற்றவரைச் சேரும். கல்லீரலைத் தாக்கும் மஞ்சட்காமாலை 'பி' வகைக் கிருமி, உலர்ந்த பொருள்மேல் ஏழு நாள் வரையிலும் வீரியம் குன்றாது இருக்கவல்லது. வெந்நீரில் அலசுவதும் துணியில் துடைப்பதும் அதற்குப் போதா. ஒருமுறைக்கு ஒரு புதிய ஊசி, அல்லது அழுத்த நீராவியில் 121 பாகை வெப்பத்தில் கால்மணி நேரமேனும் வைத்தெடுத்த கருவி என்பதே இன்றைய நெறி. ஊசி வழியே புகுந்த நோயைப் பின்னர்ச் செய்யும் எக்காப்பும் வெளியேற்றாது. ஆதலின் புண் காத்தல் குத்துவதற்கு முன்பே தொடங்குகின்றது.

6. தீக்குறிகள்

மூன்றாம் நாளுக்குப் பின் சிவப்பும் சூடும் குறையாது பரவுதல், நோவு வளர்தல், சீழ் கட்டுதல், தீநாற்றம், காய்ச்சல், புண்ணிலிருந்து செங்கோடு மேலேறுதல் ஆகியவற்றுள் ஒன்று காணினும் மருத்துவரை நாடுதல் வேண்டும். குத்தியவரிடம் மீண்டும் சென்று கேட்டிருத்தல் காலத்தை வீணாக்குவதாகும். நீரிழிவு உடையோர்க்குப் புண் காலந்தாழ்த்தே ஆறும். குருதி உறையாமைக்கு மருந்து உண்போர்க்குக் கசிவு மிகும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு சிலர்க்கு உண்டு. இன்னோர் ஊசியை ஏற்பதற்கு முன்பே மருத்துவரைக் கேட்டல் முறை. சிலர்க்குச் சாயம், சிறப்பாகச் செஞ்சாயம், ஒவ்வாமையை விளைக்கும்; அது பல மாதம் கழித்துத் தோன்றுதலும் உண்டு.

இக்குறிகளை உணர்த்தும் சொற்கள் தமிழர் இல்லந்தோறும் வழங்குவன. ஊனீர், பொருக்கு, தினவு, சீழ், புரையோடுதல், தழும்பு என ஒவ்வொரு நிலைக்கும் ஒரு சொல் உண்டு. பொருக்கு எனின் பொறுத்திருக்க வேண்டும்; சீழ் எனின் விரைய வேண்டும். கூடத்தில் தரும் அறிவுரைத் தாள் ஆங்கிலத்தில் இருப்பின், தமிழ் மட்டும் அறிந்தவர் அதனை மடித்து வைத்துவிடுவர். இச்சொற்களாலேயே எழுதித் தந்தால் எளியவரும் தம் புண்ணின் நிலையைத் தாமே தேர்ந்தறிவர்.

முடிவுரை

தீயினால் ஆயதைப் புண் எனவும் நாவினால் ஆயதை வடு எனவும் வள்ளுவர் வேறுபடுத்தினார். ஆறிப்போவதனைப் புண் என்றும் ஆறாது கிடப்பதனை வடு என்றும் கூறினார் எனப் பரிமேலழகர் அவ்வேறுபாட்டின் காரணத்தை விளக்குவர். பச்சை இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பது. அதன்கண் புண் ஆறவும் வேண்டும். குறி நிலைக்கவும் வேண்டும். காப்பு நிகழின் புண் மறைந்து கோலம் நிற்கும். காப்புத் தவறின் கோலம் சிதைந்து வடு நிற்கும். சிலபொழுது உயிருக்கே ஊறு நேரும்.

நம் ஊர்களில் முதிய மகளிர் கைகளிற் காணும் கோலங்கள் இன்றும் தெளிவாயிருத்தல், அவற்றைக் குத்திய கைத்திறத்திற்கும் ஆறும்வரை காத்த பொறுமைக்கும் சான்று. அக்கோலங்களை வரைந்து தொகுத்தோர் உளர். குத்திய பின் என்ன செய்யச் சொன்னார்கள், எதனைத் தவிர்க்கச் சொன்னார்கள், புண்ணின் நிலைகளை எச்சொற்களாற் குறித்தார்கள் என்பவற்றையும் அம்மகளிரிடமும் குறவர் குடியினரிடமும் கேட்டுத் தொகுத்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். அவருள் முதியோர் பலர் நம்மிடையே வாழுங்காலத்தே அப்பணி நடைபெறல் வேண்டும்.